பாலசுப்ரமணியன் மூக்கால் முதலிடம் வந்த கதை

1

இந்தக் கதை ஒரு மூக்கிலிருந்து வந்தது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பாதி வழியில் தெரியவந்து, இதற்காகவா இவ்வளவு நேரம் படித்தோம் என்று யாரும் வருத்தப்படக் கூடாது.

மூக்கு பாலசுப்ரமணியனுடையது. கதையை எழுதுகிறவள் அவருடைய மனைவி ஜலஜா. டெக்சஸில், ரிச்சர்ட்சனில், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில், ஊறுகாய் பாட்டிலுக்கும் இன்னும் பிரிக்காத பார்சலுக்கும் நடுவே லேப்டாப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறாள்.

அவளே எழுதுகிறாள் என்றால் ‘நான்’ என்று எழுத வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எழுதிப் பார்த்தாள். இரண்டாவது வரியிலேயே புகார் வாசனை அடித்தது. ‘நான்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஜலஜா’ என்று போட்டதும் பாலசுப்ரமணியன் யாரோ ஒருத்தியின் கணவர் ஆகிவிட்டார். உடனே அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. ஆகவே ஜலஜா.

இனி தொடக்கம்.

தொடக்கம் ஒன்று: ‘நைட்ரிக் ஆக்சைடு என்பது ஒரு நைட்ரஜன் அணுவும் ஒரு ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த வாயு. மனித உடல் இதைத் தானே தயாரித்து’ — கைவிடப்பட்டது. நாளைக்குப் பரீட்சை என்பதுபோல் இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: ‘அன்று ரிச்சர்ட்சனில் மழை’ — பெய்யவில்லை. கைவிடப்பட்டது.

தொடக்கம் மூன்று: ‘பாலசுப்ரமணியன் வாழ்க்கையில் எதிலும் முதலாவதாக வந்ததில்லை.’

இது நிற்கட்டும்.

2

பாலசுப்ரமணியன் வாழ்க்கையில் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. கடைசியாகவும் வந்ததில்லை, அதுதான் சிக்கல். கடைசியில் வருகிறவனையாவது நாலு பேர் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். இவர் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் நடுவில் வந்தார். டெலிகாம் கம்பெனி ஒன்றில் நெட்வொர்க் இன்ஜினியராகச் சேர்ந்து அங்கேயும் நடுவில் இருந்தார். குரூப் போட்டோ எடுத்தால் நடு வரிசையில் நின்று, முன்னால் நிற்பவரின் தலைக்குப் பின்னால் பாதி மறைந்துபோவார். வீட்டிலும் அப்படித்தான். சத்தமே இருக்காது. மாடியில் இருக்கிறாரா, கராஜில் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஜலஜா போன் பண்ணுவாள்.

அவருடைய நண்பர் அபுதாஹிர். கீழக்கரைக்காரர், பக்கத்துத் தெருவில் வீடு, சத்தத்துக்குக் குறைவில்லை. அபுதாஹிரின் மகள் பர்வின் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். மனிதனுடைய உடம்பு எவ்வளவு நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்குகிறது என்று மூக்கு வழியாக அளப்பது அவள் வேலை.

இந்த வாயு ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது, கிருமிகளோடு சண்டை போடுகிறது, இன்னும் என்னென்னவோ செய்கிறது. மூக்குக்குப் பக்கத்தில் எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறைகளில் இது ஏராளமாக ஊறுகிறதாம். ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட, ஆரோக்கியமான மூக்குகள் பர்வினுக்குத் தேவைப்பட்டன. மூன்று தடவை வந்து போக வேண்டும். பாலசுப்ரமணியன் போனார். யாராவது ‘தேவை’ என்று சொன்னால் போய் நிற்கும் மனிதர் அவர்.

மூக்குத் துவாரத்தில் மிருதுவான முனை உள்ள ஒரு குழாயைப் பொருத்தினாள் பர்வின். குழாயின் மறுமுனையில் ஒரு பெட்டி. பெட்டியில் எண்கள்.

“அங்கிள், ஃபர்ஸ்ட் சும்மா மூச்சு விடுங்க. ஸ்லோவா.”

விட்டார். நூற்றுத் தொண்ணூறு. நடுத்தரம். அவருக்குப் பழக்கமான இடம்.

“இப்ப வாயை மூடிக்கிட்டு ம்ம்ம்ம்னு ஹம் பண்ணிக்கிட்டே விடுங்க.”

ரீங்காரம் செய்தார். எண் தாவியது. பத்து மடங்கைத் தாண்டி, இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்தில் போய் நின்றது. ரீங்காரம் செய்தால் எல்லோருக்குமே ஏறும். மூக்குக்குள் காற்று அதிர்ந்து, சைனஸ் அறைகளில் தேங்கியிருக்கும் வாயுவை வெளியே இழுத்துக்கொண்டு வரும். ஆனால் பர்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

“வாவ், அங்கிள். இதுவரைக்கும் வந்ததுல இதான் ஹையஸ்ட்.”

இந்த ஒரு வாக்கியத்தை அவள் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன மறுநிமிடமே அவளுக்கும் அது தெரிந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. ஐம்பத்தொன்பது வயதில் முதல் முறையாகப் பாலசுப்ரமணியன் எதிலோ முதலாவதாக வந்துவிட்டார்.

3

அன்று முதல் அவர் ரீங்காரம் செய்யத் தொடங்கினார்.

பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே சுருதி. எந்த ராகமும் அதைத் தன் பிள்ளை என்று ஒப்புக்கொள்ளாது. பல் தேய்த்துவிட்டு ஒரு ம்ம்ம்ம். இட்லி வேகும்வரை ஒரு ம்ம்ம்ம். லேப்டாப் திறக்கும் நேரத்தில் ஒரு ம்ம்ம்ம்.

ஜலஜா அப்போது வேறு கதை ஒன்று எழுதிக்கொண்டிருந்தாள். அதன் கதி இப்படி ஆனது:

‘அவள் ஜன்னலைத் திறந்தபோது தொலைவில் ஒரு ரயில்’ — ம்ம்ம்ம்ம்ம்ம்

‘ரயில் அல்ல, அது ஒரு’ — ம்ம்ம்ம்ம்ம்ம்

‘அவள் ஜன்னலை மூடினாள்.’

அந்தக் கதை அதோடு முடிந்தது.

[இடைக்குறிப்பு: கம்பெனியிலும் ஒரு சம்பவம். வீட்டிலிருந்து மீட்டிங்கில் இருந்தவர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். லைனில் ஏதோ இரைச்சல் என்று மேனேஜர் சொன்னார். டெலிகாம் ஆட்கள் அல்லவா, மானப் பிரச்சினை. புகார் டிக்கெட் போட்டு, நாலு பேர் உட்கார்ந்து, இரைச்சல் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று ஒரு மதியம் முழுக்கத் தேடினார்கள். தேடிய நாலு பேரில் பாலசுப்ரமணியனும் ஒருவர். தேடும்போது மட்டும் இரைச்சல் வருவதும், பேசினால் நின்றுபோவதும் அவருக்கே விசித்திரமாக இருந்ததாம்.]

மகன் க்ரிஷ் ஆஸ்டினிலிருந்து வீடியோவில் வந்தான். பின்னணியில் சத்தம் கேட்டு, “மாம், இஸ் தேர் எ பீ இன் தி ஹவுஸ்?” என்றான்.

“தேனீ இல்லடா, அப்பா,” என்றாள் ஜலஜா.

“ஓ. இஸ் ஹி ஓகே?”

அதுதான் விஷயம். அவர் ஓகேயாக இருந்தார். இத்தனை வருஷத்தில் அவ்வளவு ஓகேயாக அவரை ஜலஜா பார்த்ததில்லை. நடையில் ஒரு நிமிர்வு வந்திருந்தது. மாடியா, கராஜா என்று தெரிந்துகொள்ளப் போன் பண்ண வேண்டியிருக்கவில்லை. அதை ஒரு நன்மையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ‘எடுத்துக்கொண்டாள்’ என்று எழுதி அடித்தாள். ‘எடுத்துக்கொள்ளவில்லை’ என்று எழுதி அதையும் அடித்தாள்.

4

இந்த இடத்தில் அபுதாஹிரைக் கதைக்குள் விடுவதா என்று ஜலஜாவுக்குப் பெரிய சந்தேகம். அவர் வந்தால் கதையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். தவிர, கதை நகர அவர் தேவையே இல்லை. இதை அவரிடமே சொன்னாள். “இருக்கட்டும் சிஸ்டர், ஒரு ஓரமா நிக்கிறேன்,” என்றார்.

நிற்கட்டும்.

அபுதாஹிருக்குத் தாங்கவில்லை. சொந்த மகளின் மெஷினில் பாலா முதலிடம். தன் மூக்கை யாரும் கேட்கவேயில்லை.

“எம் மக மெஷின்ல எனக்கு ஒரு தடவை ஊதிப் பாக்க உரிமை இல்லையா?” என்று பர்வினிடம் கேட்டார். ஜலஜாவும் பாலசுப்ரமணியனும் அவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“வாப்பா, ஃபேமிலி மெம்பர்ஸை எடுக்கக் கூடாது. எதிக்ஸ் போர்டு விடாது.”

“எந்த போர்டு? நம்பர் குடு, நான் பேசுறேன்.”

“வாப்பா, ப்ளீஸ்.”

யாரோ அவரிடம் பீட்ரூட் சாப்பிட்டால் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு கூடும் என்று சொல்லிவிட்டார்கள். அது பொய்யில்லை. ஆனால் அது வயிற்று வழி, இது மூக்கு வழி. அபுதாஹிர் வழி பார்க்கவில்லை. தினம் ஒரு ஜாடி பீட்ரூட் ஜூஸ் குடித்தார். ஒரு காலையில் பாத்ரூமில் சிவப்பைப் பார்த்துவிட்டு மகளுக்குப் போன் போட்டு, சொத்து விவரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பீட்ரூட் குடித்தால் சிலருக்கு அப்படித்தான் போகும் என்று அவள் புரியவைப்பதற்குள் காரும் கடையும் பிரிக்கப்பட்டுவிட்டன.

[போதும் அபுதாஹிர். ஓரம்.]

5

இரண்டாம் விசிட். ஜலஜாவும் கூடப் போனாள். திரும்பும் வழியில் கொத்தமல்லி வாங்க வேண்டியிருந்தது, வேறு காரணமில்லை.

பாலசுப்ரமணியன் வீட்டு வாசலிலிருந்தே தயாரானார். ஃப்ரீவே முழுக்க ம்ம்ம்ம். பார்க்கிங்கில் ம்ம்ம்ம். லிஃப்டில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் இவரைப் பார்த்துவிட்டு, பிறகு லிஃப்டின் மோட்டாரைக் கவலையோடு பார்த்தார்.

குழாய் பொருத்தப்பட்டது. ரீங்காரம் செய்தார். அறுநூற்று நாற்பது.

“அங்கிள், டயர்டா இருக்கீங்களா?”

“மெஷின் கேலிப்ரேட் பண்ணீங்களாம்மா?”

“காலைல பண்ணேன் அங்கிள்.”

“நான் மறுபடி ஹம் பண்றேன்.” மறுபடி செய்தார். ஐந்நூற்றுச் சொச்சம். எழுந்து, மூக்கைக் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அவர் போன நடையில் அந்த நிமிர்வு இல்லை.

பர்வின் ஜலஜாவைப் பார்த்தாள். “ஆன்ட்டி, இன்னிக்கு ஒருத்தர் வரல. லேடீஸ் ஸ்லாட். ஒரே விசிட்தான். நீங்க பண்றீங்களா?”

கொத்தமல்லி வாங்க வந்தவள் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். ம்ம்ம்ம் என்றாள்.

இரண்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு.

பர்வின் இந்தத் தடவை வாவ் சொல்லவில்லை. கற்றுக்கொண்டுவிட்டாள். ஆனால் எண் ஜலஜாவின் பக்கம்தான் திரும்பியிருந்தது. ஜலஜா அதைப் பார்த்தாள். கணவரின் முதல் நாள் எண்ணும் அவளுக்கு மனப்பாடம். வீட்டில் அதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாளே.

[ஜலஜா எதிலாவது முதலாவதாக வந்திருக்கிறாளா என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. பரவாயில்லை. யாரும் கேட்டதில்லை.]

“மெஷின்ல ஏதோ கோளாறு,” என்றாள் ஜலஜா.

“இல்ல ஆன்ட்டி. சைனஸ் ஒரு க்ளோஸ்டு ரூம் மாதிரி. சும்மா இருந்தா உள்ள கேஸ் சேரும். ஃபர்ஸ்ட் ஹம்ல மொத்தமா வெளிய வந்துடும். திரும்ப ஃபில் ஆக கொஞ்ச நேரம் அமைதியா இருக்கணும். அங்கிள் வர்ற வழியெல்லாம் காலி பண்ணிக்கிட்டே வந்திருக்கார். நீங்க சும்மா வந்தீங்க.” பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். “இதை அங்கிள்கிட்ட சொல்லிடாதீங்க, ப்ளீஸ். அவருக்கு இன்னும் ஒரு விசிட் இருக்கு. தெரிஞ்சா என் டேட்டா கெட்டுடும்.”

ஜலஜா தலையாட்டினாள்.

அவளுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. எதுவாக இருந்தாலும் அவள் முதலில் சொல்வது ஒரே ஒருவரிடம்தான். அவர் பாத்ரூமிலிருந்து மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட வந்துகொண்டிருந்தார்.

6

அதற்குப் பிறகு பாலசுப்ரமணியன் பயிற்சியை இரட்டிப்பாக்கினார். குறைந்த எண்ணைக் கூட்ட வேண்டும் என்றால் அதிக உழைப்பு என்பது அவர் அறிந்த ஒரே சூத்திரம். தெருவைச் சுற்றிச் சுற்றி ரீங்காரம் செய்துகொண்டு நடந்தார். நாய்கள் வழிவிட்டன. சாப்பிடும்போது திடீரென்று நிறுத்தி, “எனக்கு மூக்குல ஏதாவது சீரியஸா இருக்குமோ?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இருக்காது.”

“எப்படித் தெரியும்?”

எப்படித் தெரியும் என்பதைத்தான் சொல்ல முடியவில்லை. ஜலஜா கூட்டு பரிமாறினாள்.

ரீங்காரம் முன்பு எரிச்சலாக இருந்தது. இப்போது வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு ம்ம்ம்ம்முக்கும் அவர் தன்னைத்தானே காலி பண்ணிக்கொள்வது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

7

மூன்றாம் விசிட். சனிக்கிழமை காலை. பாலசுப்ரமணியன் ஓட்டுகிறார், ஜலஜா பக்கத்தில். சென்ட்ரல் எக்ஸ்பிரஸ்வேயில் ஏறும் முன்னமே தொடங்கிவிட்டார்.

ம்ம்ம்ம்ம்ம்ம்.

ஜலஜா வானொலியைப் போட்டாள். அதைவிடக் கொஞ்சம் சத்தமாக ம்ம்ம்ம். முறுக்கு கொடுத்தாள். மென்றுகொண்டே ம்ம்ம்ம். வாயை மூடிக்கொண்டு செய்கிற காரியம்தானே, முறுக்கு அதற்கு வசதியாகவே இருந்தது.

உண்மையைச் சொல்லக் கூடாது. சத்தமும் நிற்க வேண்டும். அவள் தன் கணவரைப் பற்றி அறிந்ததையெல்லாம் வேகமாகப் புரட்டினாள். ஒரு விஷயம் அகப்பட்டது. சண்டை வந்தால் அவர் கத்த மாட்டார். வாயைத் திறக்க மாட்டார். மூக்கையும்தான்.

“உங்களுக்கு ஃப்ரீவே ட்ராஃபிக்குல மெர்ஜ் பண்ணவே தெரியல,” என்றாள்.

ம்ம்ம்ம். இது வாரத்துக்கு ஒரு தடவை கேட்பது.

“உங்க அக்கா அன்னிக்குப் பேசினது கொஞ்சமும் சரியில்ல.”

ம்ம்ம்ம்ம். இது மாதத்துக்கு ஒரு தடவை.

ஃப்ரீவேயிலிருந்து இறங்க இன்னும் இரண்டு எக்ஸிட்தான் இருந்தது. ஜலஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

“உங்க ரசம் நல்லாவே இருக்காது.”

ரீங்காரம் நின்றது.

“எது?”

“ஞாயித்துக்கிழமை வைக்கிறீங்களே, அது.”

“நீ ரெண்டாவது தடவை வாங்கிக் குடிப்பியே.”

“மிச்சமானா மறுநாளும் குடிக்கணுமேன்னுதான்.”

அவர் இண்டிகேட்டர் போட்டு வலப்பக்கம் ஒதுங்கினார். பிறகு ஒன்றும் இல்லை. ஃப்ரீவேயில் இல்லை, பார்க்கிங்கில் இல்லை, லிஃப்டில் இல்லை. பர்வினின் ஆய்வறை வாசலில் அரை மணி நேரம் காத்திருந்தபோதும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய சைனஸ் அறைகளில் வாயு நிரம்பிக்கொண்டிருந்தது. ஜலஜாவுக்கு அழுகை வந்தது.

இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது.

“அங்கிள், சூப்பர்,” என்றாள் பர்வின், வாயை மூடிக்கொள்ள முடியாமல்.

“தேங்க்ஸ்மா,” என்றார் பாலசுப்ரமணியன். எண்ணை ஒரே ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

8

இனி முடிவு. ஜலஜா எழுதிப் பார்த்த முடிவுகளை இங்கே விட்டுவைக்கிறாள்.

முடிவு அ: திங்கட்கிழமைக்குள் அவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். — ஜலஜா தன் கணவரை அறிவாள். கைவிடப்பட்டது.

முடிவு ஆ: அபுதாஹிர் வந்து சமாதானம் செய்துவைத்தார். — இது அபுதாஹிர் போனில் சொன்ன முடிவு. கைவிடப்பட்டது.

முடிவு இ: இருவரும் பின்பக்கத்து டெக்கில் உட்கார்ந்து, அஸ்தமனச் சூரியனைப் பார்த்தபடி, ஒரே சுருதியில் — எழுதும்போதே வெட்கமாக இருந்தது. கைவிடப்பட்டது.

நடந்தது இதுதான். வீட்டுக்கு வந்தார்கள். ரீங்காரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாலசுப்ரமணியன் அடுப்புப் பக்கம் போகவில்லை. பிரெட் டோஸ்ட் பண்ணிச் சாப்பிட்டார். ஜலஜா கேட்ட அமைதி வீடு முழுக்க இருந்தது. மாடியா, கராஜா என்று தெரியவில்லை. போன் பண்ணினாள். எடுக்கவில்லை.

விசிட் முடிந்துவிட்டது, இனி உண்மையைச் சொல்லலாம். ஆனால் நேரில் சொல்லப் போனால், ‘உங்களை ஜெயிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னேன்’ என்று தொடங்கி, ‘நான்தான் உங்களை ஜெயித்தேன்’ என்று முடியும். ஆகவே எழுதினாள். இதுவரை நீங்கள் படித்ததைத்தான் எழுதினாள்.

9

அவளுடைய கதை ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. தமிழ் படிக்கத் தெரியாமல் இல்லை. கதைகளில் என்ன நடக்கிறது என்று தெரிவதற்குள் முடிந்துவிடுகின்றன என்பார். ஆகவே ஜலஜா கராஜுக்குப் போய், அவர் ஸ்குரூக்களைச் சைஸ் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த மேசைக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வாசித்துக் காட்டினாள்.

அவர் தலை நிமிராமல் கேட்டார். நடுநடுவே திருத்தங்கள் சொன்னார்.

“அந்த நம்பருக்கு யூனிட் போடல நீ. பார்ட்ஸ் பெர் பில்லியன். சும்மா விட்டா ஜனங்க மில்லியன்னு நெனச்சுப்பாங்க.”

[பார்ட்ஸ் பெர் பில்லியன். நூறு கோடியில் இத்தனை பங்கு. திருத்தப்பட்டது.]

“அபுதாஹிருக்கு இவ்வளவு எடம் எதுக்கு?”

“ஓரமா நிக்கறேன்னார்.”

ஐந்தாம் பகுதி வந்தது. ஜலஜாவின் குரல் இறங்கியது. எண்ணைச் சொல்லாமல் தாண்டிப் போகப் பார்த்தாள்.

“இரு. உன் நம்பர் எவ்வளவு?”

“கிட்டத்தட்ட ரெண்டாயிரத்து எண்ணூறு.”

“ரவுண்ட் பண்ணாத.”

சொன்னாள். அவர் கையிலிருந்த ஸ்குரூவை மேசையில் வைத்தார். மனதுக்குள் கழித்துப் பார்க்கிறார் என்பது தெரிந்தது.

“என் கடைசி நம்பரைவிட முப்பது கூட,” என்றார்.

“ஆமா.”

“அப்ப நீதான் ஃபர்ஸ்ட்.”

“ஆமா.”

“பர்வினுக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியுமா?”

“ஆமா.”

அவர் மேசையில் வைத்த ஸ்குரூவை அதன் குவியலில் சேர்த்தார். பிறகு போனை எடுத்தார். “அபு? பாலா பேசறேன். ஜலஜா ஃபர்ஸ்ட் வந்திருக்கா. மெஷின்ல. ஆமா, என்னைவிட. ரெண்டாயிரத்து எழுநூத்தித் தொண்ணூறு.” எதிர்முனையில் ஏதோ சத்தம். “எழுதிக்கோ,” என்றார்.

ஜலஜா ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முடிவு கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். இங்கே நிறுத்தியிருந்தால் கிடைத்தும் இருக்கும். ஆனால் ஏழாம் பகுதி இன்னும் பாக்கி இருந்தது. அதையும் வாசித்தாள். எட்டாம் பகுதியையும் வாசித்தாள். லேப்டாப்பை மூடினாள்.

“புரியறது,” என்றார் பாலசுப்ரமணியன். “நான் சத்தம் போடாம இருக்கணும்னு ரசத்தை அப்படிச் சொன்னே.”

“ஆமாங்க.”

“எனக்காகத்தான் சொன்னே.”

“ஆமாங்க.”

“சரி.” எழுந்தார். கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். “அப்ப ரசம் நல்லா இருக்குமா, இருக்காதா?”

ஜலஜா பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு புளி வாசனை. பிறகு, மெதுவாக, ஒரு ம்ம்ம்ம்.

இந்த வரியை ஜலஜா எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் எவர்சில்வர் டம்ளரோடு வந்து மேசைப் பக்கத்தில் நிற்கிறார்.

“குடிச்சுட்டு உண்மையைச் சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன்.”

இதற்கு ஜலஜாவிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று உண்மை, இன்னொன்றும் ஒருவிதத்தில் உண்மைதான். எதை எழுதினாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் இதே வீட்டில்தான் சாப்பிட வேண்டும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

டம்ளரை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறாள். சுடும், விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வாய் குடித்துவிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள்.

அவர் இப்போது உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.